சுலோசனா மடித்து வைக்கும் பதினொரு பேர்

ஜெர்சியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, அதன் மேல் ஈரம் ஒற்றிய வேட்டித் துண்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரே இழுப்பு இழுத்து எடுத்துவிடுகிறார் சுலோசனா. ஆபீஸ் சட்டைக்கு ஆறு இழுப்பு, பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்புக்கு ஒன்று, ஜெர்சிக்கு மட்டும் ஒன்றே ஒன்று. எடுத்தவுடன் குனிந்து முகர்ந்து பார்க்கிறார். பிறகுதான் அடுத்ததை எடுக்கிறார். பதினாறு ஜெர்சி, பதினாறு முகர்தல்.

இதை யாரோ தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். நீலச்சுறா கால்பந்துக் கழகத்தின் அணியைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுப்பதில்லை, இஸ்திரிக்கார அம்மாதான் மோப்பம் பிடித்துத் தேர்ந்தெடுக்கிறது என்று புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. எதிர் அணிக்காரர்கள் கிளப்பியது என்கிறது கழகம். தோற்றால் பழி போட ஓர் இடம் வேண்டும் என்று கழகமே கிளப்பியது என்கிறார்கள் எதிர் அணிக்காரர்கள். இரண்டையும் நம்ப இடமிருப்பதால், நேரில் போய்ப் பார்த்துவிடுவதே உத்தமம்.

கடலைப் பார்த்து முடியும் ஒரு சந்தின் முனையில், பூவரச மரத்தடியில் நிற்கிறது சுலோசனாவின் தள்ளுவண்டி. பக்கத்தில் யாரோ கவிழ்த்துப் போட்டுவிட்டு மறந்துபோன ஃபைபர் படகு ஒன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தப் படகின் முதுகில் கழகத்தின் ரசிகர்கள் வந்து உட்காருவார்கள். மைதானத்தில் கால்பந்து தொண்ணூறு நிமிஷம். படகில் அதற்கு வரம்பில்லை.

பாலியஸ்டர் ஜெர்சிக்கு இஸ்திரியே தேவையில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். நீலச்சுறாவுக்கும் தெரியும். ஆனால் கழகத்தை ஆரம்பித்தவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்கள். வாரம் முழுக்கப் பஞ்சு ஒட்டிய தலையோடு திரிகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது மடிப்புக் கலையாமல் மைதானத்தில் இறங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆலை மூடிப் போனது. தீர்மானத்தை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதனால் ஆட்டத்துக்கு முன்தினம் பதினாறு ஜெர்சிகளும் வண்டிக்கு வந்துவிடும். சாயங்காலம் மேனேஜர் செம்மல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, சுலோசனாவின் காதில் மட்டும் விழுகிற குரலில் பதினொரு எண்களைச் சொல்வார். அந்தப் பதினொன்றை எண் மேலே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். மிச்ச ஐந்தை எண் உள்ளே போகிற மாதிரி. ஆட்டக்காரர்கள் சும்மா நடப்பவர்களைப் போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். எண் தெரிந்தவன் நிமிர்ந்து நடப்பான். தெரியாதவன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

ஆக, வதந்தி பொய். அம்மா மடிக்கிறார், அவ்வளவுதான். இதோடு எழுந்து வந்திருக்கலாம். முகர்வது எதற்கு என்று கேட்டதுதான் தப்பாகப் போனது. "தீய்ஞ்ச வாசன வருதான்னு பாக்குறேன்" என்றார். "எப்பவாவது வந்திருக்கா?" என்றதும், பெட்டியைத் திறந்து தொட்டாங்குச்சிக் கரியை ஊதத் தொடங்கிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. வலது முழங்கை இடது முழங்கையைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட மைதானத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் துவைத்தும் போகாத கறைகளும், இழுபட்ட தையல்களும் அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகின்றன. "ஒம்போதாம் நம்பரு வயித்துலதான் மண்ணு ஒட்டிக்கினு வருது. தொட்டா விழுவுறான். முழங்கால்ல விழுந்து எந்திரிக்கிறவனாத் தெரியல" என்பார். ஒன்பதாம் எண்காரன் பெனால்டி வாங்குவதற்காக விழுவதில் பேர் போனவன் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். மைதானத்துக்குப் போகாத ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் ஆச்சரியம்.

பதினைந்தாம் எண்ணைப் பற்றிக் கேட்டபோது அந்த ஜெர்சியை எடுத்துக் கழுத்துப் பட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். தையல் தொளதொளவென்று இருந்தது. "மூணு வாட்டி தைச்சிட்டேன். பின்னாலேர்ந்து புடிச்சி இழுக்கிறானுங்க. முன்னாடி போறவனத்தான பின்னாலேர்ந்து இழுப்பாங்க? இந்தப் பையன் பந்துகிட்ட எல்லாருக்கும் முன்னாடி போயிடறான்னு அர்த்தம்."

அந்தப் பையன் பிரேம்குமார். மாற்று ஆட்டக்காரன், தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் பேக். அடுத்த மாதத்தோடு ஜூனியர் வயது முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினத்து அணியோடு இறுதிப் போட்டி. புதுச்சேரி ஜூனியர் அணிக்கு ஆள் பார்க்க இரண்டு பேர் அதற்கு வருகிறார்கள். அன்றைக்கு இறங்கினால் அவனைப் பார்ப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் அவனுடைய உட்காருகிற அழகை வேண்டுமானால் பார்ப்பார்கள். இறக்க வேண்டும் என்கிறார் செம்மல். கழகத்தின் தலைவர் இராமதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. விவகாரம் வெள்ளிக்கிழமை மாலை படகுக்கு வந்தது.

இராமதாஸ் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். காலை வணக்கத்தை 'போன்ழூர்' என்றுதான் சொல்வார், எதிரில் வருவது மீன்காரம்மாவாக இருந்தாலும். தம்பி பாரீசில் இருக்கிறார். கால்பந்தைப் பற்றிய எந்தப் பேச்சையும் "எங்க தம்பி ஊர்ல" என்றுதான் தொடங்குவார். அவருக்கு எதிரே எப்போதும் வேம்பு. செல்போன் ரிப்பேர் கடைக்காரன், முப்பத்தைந்து வயது, ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவன்.

"எங்க தம்பி ஊர்ல ஸ்டாப்பர் பேக்குன்னா ஆறடிக்குக் கொறைஞ்சு சேக்க மாட்டான்" என்றார் இராமதாஸ். "இவன் அஞ்சரை."

"எகிறுனா ஆறரைண்ணா" என்றான் வேம்பு.

"எப்ப எகிறணும்னு தெரியணும்ல? பந்து போனப்புறம் எகிறுறான்."

"போன மேட்ச்ல ரெண்டு கார்னரு தலையால எடுத்தான். நீங்க அப்ப வடை வாங்கப் போயிருந்தீங்க."

"வடை வாங்குற எடத்துலேர்ந்தும் கிரவுண்டு தெரியும்யா."

"வடதான் தெரிஞ்சிருக்கும்."

படகு சிரித்தது. இராமதாஸ் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது அவர் துருப்புச் சீட்டை எடுக்கப் போகிற அடையாளம்.

"சரி. பையன் நல்லாவே ஆடறான்னு வச்சுக்குவோம். இவன எறக்கணும்னு சொல்றது யாரு? செம்மல். கலைவாணன வெளிய உக்கார வச்ச செம்மல்."

இதற்குப் பதில் சொல்ல நீலச்சுறா ரசிகர் ஒருவராலும் முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கோப்பைக்கான இறுதிப் போட்டி. கலைவாணன் அன்றைக்குக் கழகத்தின் தூண். அவன் நின்ற ஆட்டத்தில் நடுவில் யாரும் பந்தைக் கொண்டுபோனதில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்னால் செம்மல் அவனைக் கூப்பிட்டு, "நீ இன்னைக்கி இல்ல. ஃபார்ம்ல இல்ல நீ" என்றார். காரணம் அவ்வளவுதான். நடுவில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாக மூன்று கோல் போனது. கலைவாணன் அந்த வருஷத்தோடு பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போனான். இப்போது கனகசெட்டிக்குளத்தில் இருக்கிறான். குருசுக்குப்பம் பக்கம் வருவதில்லை.

ஃபார்ம் இல்லை என்பதைப் படகு ஒருநாளும் நம்பியதில்லை. செம்மலின் அக்கா மகளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று கலைவாணன் சொன்னான், அதுதான் என்று ஒரு கட்சி. எதிர் அணிக்காரன் செம்மலுக்குச் சீமைச் சரக்கு அனுப்பினான் என்று இன்னொன்று. முதல்நாள் கலைவாணன் ரெண்டு பிளேட் பிரியாணி அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது வேம்புவின் கட்சி. அப்போது வேம்பு காரைக்காலில் இருந்தான் என்பதை யாரும் கிளறுவதில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த மூன்றும் படகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. தண்ணீரில் இறங்காத படகுக்கு இவ்வளவு ஓட்டம் பெரிது.

"அந்தக் கண்ணுதான இந்தப் பையனையும் பாத்துச் சொல்லுது?" என்றார் இராமதாஸ். "குருட்டுக் கண்ணு. நம்பி எறக்கச் சொல்றியா?"

"வேணாம்ணா. விடுங்க" என்றான் வேம்பு.

பையனின் கதை அங்கே முடிந்துபோயிருக்கும். சுலோசனா பெட்டியைத் தட்டில் நிறுத்தி வைத்தார்.

"அவரு உக்கார வைக்கல" என்றார்.

யாரும் திரும்பவில்லை. வண்டியிலிருந்து கால்பந்துப் பேச்சு வந்து பழக்கமில்லை. பேச்சு அடுத்து வீராம்பட்டினத்துக் கோல் கீப்பரின் தொப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யோவ், ஒங்களத்தான். கலைவாணன அவரு உக்கார வைக்கல. நான் எரிச்சிட்டேன்."

வேம்புதான் முதலில் திரும்பினான். "இன்னாத்தக்கா எரிச்ச?"

"அஞ்சாம் நம்பரு ஜெர்சிய."

சொல்லிவிட்டு அவர் செய்த காரியம், அந்தச் சந்தில் யாரும் பார்த்திராதது. வண்டி மேஜையில் தேய்ப்பதற்காகப் பரப்பியிருந்த வெள்ளைத் துணியை உருவிப் போட்டார். அதன் கீழே கம்பளி. அதையும் உருவினார். அடுத்து ஒரு கிழிந்த போர்வை, அதன் கீழே ஒரு கோணி. கோணிக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து நீல நிறத்தில் ஒன்றை இழுத்து விரித்தார். அப்பளமாகத் தட்டையாகிப் போயிருந்தது. முதுகில் ஐந்து இல்லை. ஐந்து இருந்த இடத்தில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கும் முதுகுமாக, அச்சு அசல் பெட்டி உருவத்தில் ஒரு ஓட்டை. பன்னிரண்டு வருஷமாகக் குருசுக்குப்பத்துச் சட்டைகளெல்லாம் அதன் மேல்தான் படுத்து எழுந்திருக்கின்றன.

"அந்த வருசந்தான் மொத மொதல்ல இந்த வழுவழு துணி வந்துச்சி. எனக்கு இன்னா தெரியும்? பருத்தி மாதிரியே அழுத்துனேன். நம்பரு பெட்டியோட வந்துடுச்சி. காலையில மேனேஜரு வந்து பாத்தாரு. முந்துன நாளே பேரும் நம்பரும் எழுதிக் குடுத்தாச்சாம். மாத்தக் கூடாதாம். அஞ்சாம் நம்பரு சட்ட இல்லன்னா அஞ்சாம் நம்பரு ஆளு இல்லியாம். மடிச்சி என் கையில குடுத்துட்டு, யாருகிட்டயும் காட்டாத, தூக்கிப் போட்டுடுன்னு போயிட்டாரு. கிரவுண்டுல போயி அவரே சொல்லிடுவாருன்னு நெனச்சேன்."

"நீ சொல்லிருக்கலாம்லக்கா?" என்றான் வேம்பு.

"மறுநாளு சொல்லிருக்கலாம். ஒரு மாசம் ஆச்சி. ஒரு வருசம் ஆச்சி. ஆவ ஆவ கஷ்டமாயிடுச்சி."

படகில் மூன்று கட்சிகளும் ஒரே நேரத்தில் பதவி இழந்து உட்கார்ந்திருந்தன. கடைசியில் வேம்புதான் கொஞ்சம் ஏக்கத்தோடு கேட்டான். "அப்ப பிரியாணி?"

இராமதாஸ் எழுந்து வந்தார். அந்த வருஷத்து ஜெர்சிகள் அவருடைய தம்பி பாரீசிலிருந்து அனுப்பியவை. ஊர்வலம் வைக்காத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். "எங்க தம்பி அனுப்புன துணி தீயவே தீயாதும்மா. அது பிரான்ஸ் துணி. இது வேற ஏதோ" என்று ஜெர்சியைப் பிடுங்கி, கழுத்துக்குள் லேபிளைத் தேடினார். லேபிள் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் வாசிக்கத் தொடங்கினார். ஊர்ப் பேரை வாசித்தார். துணியின் பேரை வாசித்தார். மூன்றாவது வரியில் குரல் தேய்ந்தது.

"இன்னாண்ணா போட்டிருக்கு?" என்றான் வேம்பு.

"நே பா ரெப்பாஸே" என்றார் இராமதாஸ், மெதுவாக.

"அப்பிடின்னா?"

இராமதாஸ் தொண்டையைச் செருமினார். "தேய்க்கக் கூடாதுன்னு."

குருசுக்குப்பத்துப் படகில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த ஜெர்சிகளைப் பிரித்துப் பதினாறு பேருக்கும் பங்கு வைத்தவரும் அவரேதான்.

இந்த நேரம் பார்த்து செம்மல் சைக்கிளோடு வந்து நின்றார். அறுபது வயது, ஆலை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஜெர்சியைப் பார்த்தார். உருவிப் போட்ட கம்பளியைப் பார்த்தார். சுலோசனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"பையன வெளிய வைக்கப் போறாங்கண்ணா. ஒங்க பேச்சுக்கு மதிப்பில்லன்னு."

"அதுக்கு?"

"கலைவாணனுக்கு நடந்தது போதும்ணா."

செம்மல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அதற்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "மேனேஜர் முட்டாள்னா பரவால்ல. எல்லா டீம்லயும் அது உண்டு. இஸ்திரிப் பொட்டியால கப்பு போச்சுன்னா ஊரு சிரிக்கும். அதான் சொல்லல." பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மடிப்பு கத்தி மாரி நிக்கணும், நல்லா அழுத்தும்மான்னு சொன்னதும் நாந்தான்" என்றார்.

இராமதாஸ் ஜெர்சியை மடித்தார். மடிக்கத் தெரியாமல் மடித்து மேஜையில் வைத்தார். "பதினஞ்சாம் நம்பரு விசயம்... நீ பாத்துச் செய்யுப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு பிரெஞ்சு வார்த்தைகூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

படகு மனம் தளரவில்லை. சனிக்கிழமை காலைக்குள் ஒரு புதுக்கட்சி உதயமாகிவிட்டது. அந்த வருஷம் எதிர் அணிக்காரன் சுலோசனாவுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தானாம். வேம்பு கண்ணால் பார்த்தானாம்.

சனிக்கிழமை சாயங்காலம் செம்மல் வழக்கம்போல வந்து வழக்கம்போல முணுமுணுத்தார். பதினொன்றாவதாக அவர் சொன்ன எண்ணை மட்டும் முணுமுணுக்கவில்லை. "பதினஞ்சு" என்றது படகு வரைக்கும் கேட்டது. பிரேம்குமார் செல்போனைப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவன், எண்ணைக் கண்டதும் நடையை மறந்து நின்றான். "போ, போயித் தூங்கு" என்றார் சுலோசனா. "கழுத்துல நாலாவது வாட்டி தைச்சிருக்கேன். ரெட்டத் தையலு. இழுத்தா அவன் கைதான் வலிக்கும்."

அவன் போன பிறகு ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவனைச் சுலோசனாவுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தொப்பை போட்டிருந்தது, முன்மண்டையில் வழுக்கை ஏறியிருந்தது. நிற்கிற விதத்தில்தான் தெரிந்தது. இரண்டு காலையும் அகட்டி, சந்தை அடைத்துக்கொண்டு, தன்னைத் தாண்டி யாரையும் விடமாட்டேன் என்பது போல.

வேம்பு முதல்நாள் ராத்திரியே போன் போட்டு, எரிந்த ஜெர்சி விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான்.

"நல்லா இருக்கியாக்கா?" என்றான் கலைவாணன்.

சுலோசனா தலையசைத்தார். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு மன்னிப்பு இருந்தது.

"நாளைக்கி அந்தப் பையன் நடுவுல ஆடறானா, எடது பக்கமா?" என்று கேட்டான் அவன்.

"நடுவுல."

"நல்லா ஆடுவானா?"

"ஆடுவான். தம்பி, அன்னைக்கி..."

கலைவாணன் அதற்குள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியிருந்தான். வெள்ளைச் சட்டை, கனகசெட்டிக்குளத்திலிருந்து காற்றில் வந்ததில் கசங்கியிருந்தது. கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டு, பனியனோடு கைகட்டி நின்றான்.

"நாளைக்கி மேட்ச் பாக்க இதத்தான் போட்டுக்கினு வரப்போறேன். கொஞ்சம் தேய்ச்சிக் குடு."

"தம்பி, நான் ஒன்னு சொல்லணும்."

"பேசிக்கினே தேய்க்காதக்கா" என்றான் கலைவாணன். "கவனம் போயிடும்."

சிரிக்கிறானா என்று பார்த்தார். தெரியவில்லை. காலரைத் தேய்த்தார். இரண்டு கைகளையும் தேய்த்தார். பொத்தானுக்குப் பொத்தான் ஒதுங்கி முன்பக்கத்தைத் தேய்த்தார். பிறகு சட்டையைத் திருப்பி, முதுகை மேஜையில் விரித்து, ஜெர்சியாக இருந்தால் எண் வரும் இடத்தை உள்ளங்கையால் ஒரு முறை நீவினார். இன்னொரு முறை நீவினார். பெட்டி அவருடைய வலது கையில், துணிக்கு ஒரு சாண் மேலே நின்றது.